கருவாடு என்று கூப்பிடப்பட்ட பிள்ளை: தன்பரிவுப் பயிற்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

"அப்ப பகிடி பண்ணினவளை விட்டிட்டு, பகிடிக்கு ஆளானவளுக்கா டீச்சர் வகுப்பு?"

வலிக்கிற நேரம் தன்னைத் திட்டாமல் தன்னிடமே அன்பாக இருக்கப் பழக்குகிற தன்பரிவுப் பயிற்சி பற்றி ஆசிரியர் அறையில் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை. நியாயமான கேள்விதான். ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் வருத்தினால் அதை நிறுத்துவது பெரியவர்களின் வேலை, வருந்துகிற பிள்ளையின் வேலை இல்லை. இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஆனால் நிறுத்திய பிறகும் அந்தப் பிள்ளை வாயே திறக்காமல், கை தூக்காமல், விடைத்தாளை யாருக்கும் காட்டாமல் வகுப்பில் இருந்துவிட்டுப் போனால் என்ன செய்வது? அங்கேதான் இந்தப் பயிற்சிக்கு வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை ஒரு பிள்ளையின் கதையை வைத்தே சொல்கிறேன்.

நான் திருகோணமலை நகரத்தில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர். பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஊரையும் வீட்டு விபரங்களையும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றியிருக்கிறேன், பெயர் எங்கும் வராது.

பெயர் வந்த விதம்

நிலாவெளி வீதியில் கடற்கரையை ஒட்டிய ஒரு கிராமத்துப் பிள்ளை. அப்பாவுக்குக் கடற்தொழில். அம்மாவும் அம்மம்மாவும் வாடியில் மீன் பிளந்து உப்புப் போட்டுக் காயவைப்பார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, தரம் 6இல் நகரத்துக்கு வந்தவள். கிராமத்தில் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். நகரத்து வகுப்பில் அவள் நாற்பது பேரில் ஒருத்தி, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து சேருகிற ஒருத்தி.

தரம் 8 முடிகிற நேரம் அம்மா ஓர் ஆசிரியருக்கு அன்பளிப்பாகக் கட்டாக் கருவாடு கொஞ்சம் சுற்றிக் கொடுத்து விட்டிருக்கிறார். நம்மூரில் இது வழமை. நல்ல கருவாடு கிடைத்தால் மதிப்புக்குரியவருக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். பார்சல் காலை முழுக்கப் புத்தகப் பையில் இருந்தது, வகுப்பில் மணம் பரவியது, யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து ஓர் ஆசிரியரும் வரவு கூப்பிடும்போது பகிடியாக அதே பெயரைச் சொல்லிவிட்டார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் பெரியவர் ஒருவர் சிரித்ததும் அந்தப் பெயருக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் சின்னச் சின்னது, அதனால்தான் யாருடைய கண்ணிலும் படவில்லை. அவள் இருந்த கதிரையைத் துடைத்துவிட்டு இருப்பது. அவள் பக்கத்தால் போகும்போது ஓடிக்கொலோன் அடிப்பது. 2020இல் பாடசாலைகள் மூடியபோது பாடம் அனுப்புவதற்காகத் தொடங்கின வாட்ஸ்அப் குழுக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவே, அப்படி ஒன்றில் அவள் எது கேட்டாலும் பதிலாக ஒரு மீன் படம் போடுவது. கேட்டால், "சும்மா பகிடிக்கு டீச்சர்."

பகிடிக்கும் வன்கொடுமைக்கும் எங்கே கோடு போடுவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நோர்வேயில் இந்தத் துறைக்கு அத்திவாரம் போட்ட டான் ஒல்வியஸ் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, ஆளாகிறவரால் சமமாக எதிர்த்து நிற்க முடியாதபடி பலத்தில் வேறுபாடு இருப்பது. இங்கே மூன்றும் இருந்தன. நாற்பது பேருக்கு எதிரே ஒரு பிள்ளை, அதுவும் நகரத்துப் பிள்ளைகளுக்கு நடுவே கரையூர்ப் பிள்ளை. யுனெஸ்கோ 2019இல் பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்துச் சொன்னது, ஏறத்தாழ மூன்று மாணவரில் ஒருவர் கடந்த ஒரு மாதத்துக்குள் ஒருமுறையாவது சக மாணவரால் இப்படித் துன்பப்பட்டிருக்கிறார் என்று. அப்படியென்றால் நாற்பது பேர் வகுப்பில் இவள் ஒருத்தியாக மட்டும் இருக்க வழியில்லை.

இடாப்பு சொன்னது

தரம் 9, இரண்டாம் தவணை. வரவு விழத் தொடங்கியது. வகுப்பாசிரியர் என்னிடம் வந்தபோது காரணத்தையும் சேர்த்தே கொண்டு வந்தார்: "இது மீன் காயப்போடுற காலம் மிஸ், வீட்டில வேலைக்கு மறிக்கிறாங்க." கேட்க நம்பும்படியாகத்தான் இருந்தது. மே தொடங்கி செப்டெம்பர் வரை நம்மூரில் வெயிலும் காற்றும் கருவாட்டுக்கு வாய்ப்பான காலம், வாடியில் கை எத்தனை இருந்தாலும் போதாது.

ஆனால் இடாப்பை நேரசூசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கதை. உடற்கல்விப் பாடம் இருக்கும் நாட்களில்தான் அவள் பெரும்பாலும் வரவில்லை. மற்ற நாள் வந்திருக்கிறாள். கருவாடு காயவைப்பதற்கு உடற்கல்வி நாள், கணித நாள் என்று இல்லையே! உடற்கல்வி என்றால் எல்லோர் முன்னாலும் உடை மாற்ற வேண்டும், வியர்க்கும், வியர்த்த உடம்போடு மிச்சப் பாடங்களுக்கு இருக்க வேண்டும். அவளுக்கு அது தாங்க முடியாத நாள்.

வரவு குறைகிற பிள்ளையைப் பற்றி யாராவது "வீட்டுப் பிரச்சினை" என்று முடிவு சொன்னால், இடாப்பையும் நேரசூசியையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று நான் எல்லா ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

முதலில் நிறுத்தினோம்

காலில் முள் ஏறினால் முள்ளை எடுத்துவிட்டுத்தான் மருந்து போட வேண்டும். பயிற்சி எதுவும் தொடங்க முன்னம் பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம். அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியர் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். பட்டப்பெயரை ஆசிரியர் எவரும் வாயில் எடுக்கக்கூடாது என்பது முதல் முடிவு. முன்னின்று செய்த பிள்ளைகளோடும் அவர்களின் பெற்றோரோடும் தனித்தனியாகப் பேசினோம், எல்லோர் முன்னாலும் நிறுத்தி மானத்தை வாங்கவில்லை. வகுப்பாசிரியர் வாட்ஸ்அப் குழுவைத் தன் பொறுப்பில் எடுத்தார். உடை மாற்ற இன்னோர் இடம் ஒழுங்கானது. அது அவளுக்கு மட்டும் என்றில்லாமல் விரும்பிய எல்லாப் பிள்ளைகளுக்கும்.

பாடசாலைக்குள் இது நடக்காத இடத்தில், பெற்றோருக்கு 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நடத்துவது, தமிழிலும் பேசலாம். தயங்காமல் எடுங்கள்.

சில கிழமைகளில் பெயர் வகுப்புக்குள் ஏறத்தாழ நின்றுவிட்டது. அவள் உடற்கல்வி நாட்களிலும் வரத் தொடங்கினாள். கோப்பை மூடியிருக்கலாம், கணக்குப்படி பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் வந்தாள், இருந்தாள், போனாள். அவ்வளவுதான். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் குழுவோடு நிற்பாள், எந்தப் பொருளையும் தொடமாட்டாள். தெரிந்த விடைக்கும் கை தூக்கமாட்டாள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வசனத்தின் நடுவில் தலையை இடது தோளுக்குச் சாய்த்து, சட்டையை மெல்ல முகர்ந்து பார்ப்பாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது. ஒரு வசனம், ஒரு முகர்தல், அடுத்த வசனம்.

ஜெனிபர் ஃபிரெட்ரிக்ஸும் சக ஆய்வாளர்களும் 2004இல் எழுதிய கட்டுரை, ஒரு பிள்ளை பாடசாலையோடு ஒட்டியிருப்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது: நடத்தை, உணர்வு, சிந்தனை. வரவு முதலாவதில் ஒரு பகுதி மட்டும். பாடசாலை எனக்கும் உரிய இடம் என்ற உணர்வும், கஷ்டமான பாடத்தோடு மல்லுக்கட்டும் மனமும் மற்ற இரண்டு. வரவு இடாப்பில் இந்த இரண்டுக்கும் கட்டம் கிடையாது. இடாப்பு நிறைந்ததும் நாங்கள் நிம்மதியடைந்துவிடுகிறோம்.

உள்ளே நடந்துகொண்டிருந்தது

ஒருநாள் கேட்டேன், "இப்ப ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடுறேல்லையே பிள்ளை, இன்னும் என்ன பயம்?"

"அவங்க வாயால சொல்றேல்ல டீச்சர். ஆனா நான் அப்பிடித்தானே."

நான் அப்பிடித்தானே. இந்த ஒரு வசனத்தில் முழு நோயும் இருக்கிறது. சான்ட்ரா கிரஹாமும் யானா யுவோனனும் 1998இல் அமெரிக்க இடைநிலைப் பாடசாலை மாணவரிடம் செய்த ஆய்வில் கண்டது இதைத்தான். துன்பத்துக்கு ஆளான பிள்ளைகளில், "நான் அந்த நேரம் அந்த இடத்துக்குப் போயிருக்கக் கூடாது" என்று தன் செயலைக் குறை சொல்வது ஒரு வகை, "நான் இப்படிப்பட்ட ஆள், அதனால்தான் இது எனக்கு நடக்குது" என்று தன்னையே குறை சொல்வது இன்னொரு வகை. தனிமையோடும் பதற்றத்தோடும் தன்மதிப்புக் குறைவோடும் சேர்ந்து வந்தது இரண்டாவது. செயலை மாற்றலாம், தன்னை எப்படி மாற்றுவது? அந்தப் பிள்ளைக்கு வழியே தெரியாமல் போகிறது.

வெளியே நாற்பது பேர் நிறுத்தியதை உள்ளே அவள் ஒருத்தி தொடர்ந்து செய்துகொண்டிருந்தாள். தோளை முகர்ந்து பார்ப்பது அதுதான். பாடசாலை ஒழுக்காற்றுக் குழுவால் அந்த இடத்துக்குப் போக முடியாது.

தன்பரிவு என்பதை அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் மூன்று பகுதியாக வரையறுத்தார். தோற்கும்போதும் வலிக்கும்போதும் தன்னைத் திட்டாமல் தன்னிடம் அன்பாக இருப்பது. இந்த வலி எனக்கு மட்டும் வந்ததல்ல, மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் ஏதோ ஒரு விதத்தில் வருவதுதான் என்று உணர்வது. வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் இருக்கிறபடியே பார்ப்பது. இந்தப் பிள்ளையிடம் மூன்றும் தலைகீழாக இருந்தன. தன்னைத் திட்டினாள், தான் மட்டும்தான் என்று நம்பினாள், இருபத்து நான்கு மணிநேரமும் அதிலேயே மூழ்கிக் கிடந்தாள்.

பிரித்தானிய உளவியலாளர் போல் கில்பர்ட் இதை உடம்பின் பக்கமிருந்து விளக்குவார். அச்சுறுத்தலைக் கவனிக்க ஒரு தொகுதி, தேடிப் போய் அடைய ஒரு தொகுதி, ஆறுதலுக்கு ஒரு தொகுதி என்று மூன்று நமக்குள் இயங்குகின்றன. வெளியிலிருந்து வரும் பகைக்கு எழும்புகிற அதே அச்சத் தொகுதி, நம்மை நாமே திட்டும்போதும் எழும்பும். அது எழும்பி நிற்கும் பிள்ளைக்குக் காரணி காணும் கணக்கு எப்படி மண்டையில் ஏறும்?

வியாழக்கிழமை வட்டம்

நெஃப்பும் இன்னோர் உளவியலாளரான கிறிஸ்டோபர் ஜேர்மரும் பெரியவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். அதைப் பதின்ம வயதினருக்கு ஏற்றபடி கேரன் புளூத்தும் லொரெய்ன் ஹொப்ஸும் மாற்றி அமைத்தார்கள். கண் மூடி நெடுநேரம் இருக்கும் பயிற்சி குறைவு, கைவேலையும் வரைதலும் அசைவும் கூட. நான் அதன் முறையான பயிற்றுநர் இல்லை. அதிலிருந்து சில பயிற்சிகளை எடுத்து, மூன்றாம் தவணையில் கிழமைக்கு ஒரு பாடவேளை, நூலகத்தின் மூலையில் நடத்தினேன்.

அவளை மட்டும் தனியே கூப்பிட்டுச் செய்திருந்தால் இன்னொரு பெயர் வைத்திருப்பார்கள். எனவே சிறு குழு, பொதுவான பெயர், "வியாழக்கிழமை வட்டம்". ஒரு மாணவத் தலைவி, வகுப்பில் முதலாம் பிள்ளை, அதிகம் பேசாத இரண்டு பேர், மீன் படம் போட்டவர்களோடு சேர்ந்து சிரித்து, பிறகு தானாக வந்து வருத்தப்பட்ட ஒருத்தி. முன்னின்று நடத்திய பிள்ளையைச் சேர்க்கவில்லை. ஆளானவரையும் ஆளாக்கியவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து "மனம் திறந்து பேசுங்கோ" என்பது ஆளான பிள்ளைக்கு இன்னொரு தண்டனை.

குழுவில் சைவப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் இருந்தார்கள், நம்மூர் அப்படித்தானே. ஆகவே தியானம் என்ற பேச்சே எடுக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லவும் இல்லை. பாதம் தரையில் படுகிறதைக் கவனிப்பது, கையில் ஒரு பொருளை வைத்து அதன் வழவழப்பையும் குளிரையும் பார்த்துக்கொண்டிருப்பது, இப்படித்தான் தொடங்கினோம். மூலப் பயிற்சியில் ஒரு கூழாங்கல் வரும். இங்கே பிள்ளைகள் கடற்கரையில் பொறுக்கின சோகிகளை (சோழிகளை) கொண்டு வந்தார்கள். அவள் கொண்டு வந்தது ஓரம் உடைந்த ஒன்று. மாற்றித் தரவா என்று பக்கத்திலிருந்தவள் கேட்டதற்கு, வேண்டாம் என்றாள்.

பிறகு அந்தத் தாள். ஒரு பக்கம், பிழை விட்ட நேரம் உங்களுக்கு நீங்களே சொல்வது. மறுபக்கம், அதே பிழை விட்ட தோழிக்கு நீங்கள் சொல்வது. நெஃப்பின் பயிற்சிகளில் மிக எளிமையானது இது, என் அனுபவத்தில் மிகப் பலமானதும் இதுதான். இடது பக்கத்தை எல்லோரும் வேகமாக நிரப்பினார்கள். அவள் நெருக்கி நெருக்கி எழுதி, பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். வலது பக்கத்துக்கு நான் கேட்டது, "இதே பெயரைச் சொல்லி உங்கட தோழியைக் கூப்பிட்டா அவவுக்கு என்ன சொல்வீங்க?" நெடுநேரம் யோசித்து ஒரே ஒரு வரி எழுதினாள்.

"வா, எனக்குப் பக்கத்தில இரு."

நீ நல்லவள், கவலைப்படாதே என்றெல்லாம் எழுதவில்லை. அவளுக்கு எது கிடைக்காமல் போனதோ அதை எழுதியிருந்தாள். "இதை நீங்க உங்களுக்கே சொன்னா?" என்றேன். தலையாட்டினாள், முடியாது என்று. "அது சரிவராது டீச்சர்." சரி, இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வற்புறுத்துகிற பரிவு பரிவே இல்லை.

அடுத்த கிழமை அவள் அழுதாள், அதற்கடுத்த கிழமை வட்டத்துக்கு வரவில்லை. இதைப் பார்த்துப் பயிற்சி கெடுதல் செய்கிறது என்று சொல்லத் தோன்றும், ஒரு ஆசிரியர் சொல்லவும் செய்தார். நெடுநாள் அன்பில்லாமல் இருந்த இடத்துக்கு அன்பு வரும்போது பழைய வலி முதலில் மேலே எழும்பும் என்பதை ஜேர்மர் தன் பயிற்சிகளில் முன்கூட்டியே சொல்லி வைப்பார். பரிவைக் கண்டு பயப்படுவது பற்றிக் கில்பர்ட்டும் நிறைய எழுதியிருக்கிறார். அந்த நேரம் செய்ய வேண்டியது ஆழத்துக்குப் போகாமல் பாதத்துக்கும் சோகிக்கும் திரும்புவது. வலி தாங்க முடியாத அளவுக்குப் போனால், தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் இருந்தால், பாடசாலையில் வைத்துக்கொண்டிருக்காமல் மனநல வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். இதற்காக ஒவ்வொரு கிழமையும் தனியாக நேரடியாகவே கேட்டேன். அவளிடம் அப்படி எண்ணம் இருக்கவில்லை.

திருப்பம் என்று சொல்வதானால் அது என்னால் வரவில்லை, முதலாம் பிள்ளையால் வந்தது. ஒரு வியாழக்கிழமை அவள் தன் இடது பக்கத்தைத் தானாகவே வாசித்தாள். இரண்டாம் இடம் வந்துவிட்டால் வீட்டில் முகம் பார்க்க மாட்டார்கள், ஒவ்வொரு சோதனைக்கும் முதல் நாள் இரவு வாந்தி எடுப்பேன், நான் கெட்டிக்காரி இல்லை, என்றைக்கோ ஒருநாள் எல்லாருக்கும் தெரிஞ்சிடும், இப்படி. நூலகத்தில் சத்தமே இல்லை. நம் பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்குமா?" என்றாள். வட்டத்தில் அவள் தானாகப் பேசின முதல் சொல் அது. எனக்கு மட்டும் இல்லை என்பதை நான் நூறு தரம் விளக்கியிருந்தாலும் இப்படி இறங்கியிருக்காது. தனியாள் ஆலோசனையை விடக் குழு ஏன் நல்லது என்று யாரும் கேட்டால் இந்த "உனக்குமா"வைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு மூன்று சிறு வசனங்களை அவரவர் வீட்டுப் பேச்சில் ஆக்கிக்கொண்டார்கள். இப்ப கஷ்டமா இருக்கு. எனக்கு மட்டும் இல்லை. இப்ப எனக்கு என்ன தேவை? புத்தகத் தமிழில் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒட்டவே ஒட்டாது. அவள் மூன்றாவதை மாற்றி, அம்மம்மா சொல்வதையே வைத்துக்கொண்டாள்: "சரி மகள், பாப்பம்." அம்மம்மாவின் குரலில் அதைக் கேட்கிறேன் என்றாள். தன்னிடம் அன்பாகப் பேசு என்றால் அவளுக்கு வராது, ஆனால் தன்னிடம் ஏற்கனவே அன்பாகப் பேசுகிற ஒரு குரலை அவளால் கடன் வாங்க முடிந்தது.

அம்மாவின் கேள்வி

அம்மா ஒருநாள் வந்து உண்மையாகவே கவலையோடு கேட்டார்: "டீச்சர், அவவுக்குப் பறவாயில்லை பறவாயில்லை எண்டு பழக்கினா படிப்பாவா? பிழை விட்டா உறைக்கத்தானே வேணும்." இது அந்த அம்மாவின் கேள்வி மட்டுமல்ல. திட்டினால்தான் பிள்ளை முன்னேறும் என்பதில் நம் சமூகத்துக்கே ஆழமான நம்பிக்கை.

நான் அவருக்குச் சொன்னது இதை. ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012இல் கலிபோர்னியாவில் செய்த பரிசோதனை ஒன்றில், கடினமான சோதனையில் சறுக்கிய மாணவரை மூன்று விதமாக நடத்தினார்கள். தன்மேல் பரிவோடு அந்தத் தோல்வியைப் பார்க்கும்படி சிலருக்குச் சொன்னார்கள், சிலரின் தன்மதிப்பைத் தூக்கிவிட்டார்கள், சிலருக்கு எதுவும் சொல்லவில்லை. அடுத்த சோதனைக்கு அதிக நேரம் படித்தவர்கள் பரிவோடு பார்த்தவர்கள்தான். காரணம் விளங்குகிறது. தோல்வி தன்னைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்றால் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். தீர்ப்பு என்றால் மறைக்கத்தான் தோன்றும். பிழையைக் காணாமல் விடுவது பரிவு இல்லை, பிழையைக் கண்ணெடுத்துப் பார்க்கத் தைரியம் தருவதுதான் பரிவு. அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் அவவை ஏசக்கூடாதா?" என்றார். ஏசுவதைக் குறையுங்கள், அந்தக் கருவாட்டுப் பார்சலுக்காக அவளை ஒருபோதும் ஏசாதீர்கள் என்றேன். அவர் ஏசியிருந்தார். ஏன் பையைத் திறந்து காட்டினாய் என்று.

மாறியதும் மாறாததும்

அளவுகோல்கள் உண்டு. நெஃப்பின் 26 கேள்விப் படிவமும், இளையோருக்கான 17 கேள்விப் படிவமும் இருக்கின்றன. இந்தப் பிள்ளையிடம் நான் அவற்றைக் கொடுக்கவில்லை. டீச்சருக்குப் பிடித்த பதிலை எழுதுகிற வயது, டீச்சருக்குப் பிடித்த பதிலை எழுதுகிற ஊர். வரவையும் நம்ப முடியாது. மூன்றாம் தவணையில் வடகீழ்ப் பருவ மழை கொட்டும், வெள்ளம் வந்தால் கரையூர்ப் பிள்ளைகள் யாருமே ஒழுங்காக வரமாட்டார்கள். ஆகவே வேறு விஷயங்களைப் பார்த்தேன், பாட ஆசிரியர்களையும் பார்க்கச் சொன்னேன்.

முதலில் மாறியது கணிதம். நாலாக மடித்துப் பையின் அடியில் போடுகிற விடைத்தாளை ஒருநாள் இடைவேளையில் விரித்துக்கொண்டு கணித ஆசிரியரிடம் போயிருக்கிறாள். மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தன, புள்ளி குறைவுதான், காரணி காணும் கணக்கில் எங்கே பிழை என்று கேட்டாள். ஆசிரியருக்கு அது சாதாரண விஷயம், எனக்குச் சொல்லக்கூட மறந்துவிட்டு ஒரு கிழமை கழித்துத்தான் சொன்னார். எனக்கு அது இந்த முழு நிகழ்வின் மிகப் பெரிய செய்தி. அதற்குப் பிறகு அரைகுறையான வீட்டு வேலையையும் கொடுக்கத் தொடங்கினாள். முன்பெல்லாம் முழுமையாக இல்லாவிட்டால் கொடுக்கவே மாட்டாள். ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் பிடித்தாள். தோளை முகர்வது குறைந்தது, நிற்கவில்லை. பதற்றமான நாளில் இப்போதும் செய்வாள்.

கை தூக்குவது மிகவும் பிந்தித்தான் வந்தது, இன்னும் எல்லாப் பாடத்திலும் இல்லை. பஸ்ஸில் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டாள், நின்றுகொண்டே வருவாள்.

அடுத்த வருடம் முதலாம் தவணை, இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் வேறு வகுப்பு மாணவர் கூட்டத்திலிருந்து யாரோ அந்தப் பழைய பெயரைக் கத்தினார்கள். முன்பு என்றால் அன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்தக் கிழமை முழுக்க வந்திருக்கமாட்டாள். இந்த முறை குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, வட்டத்திலிருந்த மாணவத் தலைவியிடம் எந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது என்று காட்டியிருக்கிறாள். அப்புறம் இல்லத்தின் நிழலுக்குள் போய் இருந்து மிச்ச நிகழ்ச்சியைப் பார்த்தாள். முறைப்பாடு செய்தாள் என்பதைக் கவனியுங்கள். தன்பரிவு பழகினால் பிள்ளை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். தன்மேல் மதிப்பு வந்த பிள்ளைதான் எனக்கு நடந்தது அநியாயம் என்று சொல்லும். தன்னையே பிழை என்று நம்புகிற பிள்ளை யாரிடம் போய் முறையிடும்?

இது ஒரு பிள்ளையின் கதை. பெயர் நின்றதும், உடை மாற்ற இடம் கிடைத்ததும், கணித ஆசிரியர் பொறுமையானவராக இருந்ததும், வட்டத்தில் ஒரு தோழி கிடைத்ததும் ஒன்றோடொன்று கலந்தே நடந்தன. எது எவ்வளவு செய்தது என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது. பயிற்சி இல்லாமலே காலப்போக்கில் மாறியிருப்பாள் என்று ஒருவர் வாதிட்டால் மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பெயர் நின்ற பிறகும் தவணை முடியும்வரை அந்த விடைத்தாள்கள் மடிந்தே கிடந்தன என்பதை மட்டும் பார்த்தவள் என்ற முறையில் சொல்வேன்.

இதைத் தொடங்க நினைக்கிற ஆசிரியர்களுக்கு ஒன்று. பாடசாலை வன்கொடுமையை நிறுத்துவதற்கு ஆயத்தமில்லை என்றால், தயவுசெய்து இந்தப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். அடி விழுந்துகொண்டிருக்கும்போது மூச்சைக் கவனி, உன்மேல் அன்பாயிரு என்று சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். நிர்வாகத்தோடு சண்டை பிடிக்க வேண்டியிருந்தால் முதலில் அதைப் பிடியுங்கள்.

பெயரை முதலில் வைத்த பிள்ளை இந்தத் தவணை தொடக்கத்தில் என் அறைக்கு வந்து, "எனக்கும் வட்டத்துக்கு வரலாமா டீச்சர்?" என்று கேட்டாள். வீட்டில் அக்காவோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு அவளுக்கு விழுந்த பெயர்களைச் சொன்னாள், கேட்கக் கஷ்டமாக இருந்தது. வேறு நாளில் இன்னொரு சிறு வட்டம் தொடங்கி அவளை அதில் சேர்த்திருக்கிறேன். இரண்டு வட்டத்தையும் சேர்க்கலாமா என்று நம் பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை தனித்தனிதான், வேண்டாம் என்றாலும் தனித்தனிதான்.